இடதுசாரி, வலதுசாரி: எந்தக் கேள்வியில் எந்தப் பக்கம்?

ஒருவரை இடதுசாரி என்றோ வலதுசாரி என்றோ குறிப்பிட்டுவிட்டால், அவருடைய பொருளாதாரக் கொள்கை, மதத்தைப் பற்றிய பார்வை, மொழி குறித்த நிலைப்பாடு, வெளியுறவில் அவர் யார் பக்கம் என்பது வரை எல்லாமே தெரிந்துவிட்டதாகக் கருதும் வழக்கம் நம்முடைய அரசியல் பேச்சில் ஆழமாக வேரூன்றிவிட்டது. தலையங்கங்களிலும் மேடைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இந்த இரண்டு பெயர்களும் நாள்தோறும் புழங்குகின்றன. சிலருக்கு அவை பெருமைக்குரிய பட்டமாகவும் சிலருக்கு வசையாகவும் இருக்கின்றன. ஆனால் இவை தோன்றிய வரலாற்றைப் பார்த்தால், ஒரு மனிதரின் முழு உலகப் பார்வையையும் அடக்கிச் சொல்வதற்காக இவை உருவாகவில்லை என்பது தெளிவாகும். குறிப்பிட்ட ஒரு கேள்வி ஒரு மன்றத்தின் முன் வந்தபோது, அந்தக் கேள்விக்கு யார் என்ன விடை சொன்னார்கள் என்பதைக் காட்டவே இவை பிறந்தன. அந்தக் கேள்வியை மறந்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வதால்தான் இன்று இவ்வளவு குழப்பம் நேர்கிறது.

1789 மே 5ஆம் நாள் வெர்சாயில் பிரான்சு நாட்டின் மூவகுப்பு மன்றம் கூடியது. 1614க்குப் பிறகு அந்த மன்றம் கூட்டப்பட்டதே இல்லை. அரசு கடனில் மூழ்கி, புதிய வரிகளுக்கு ஒப்புதல் தேடி வேறு வழியின்றித்தான் பதினாறாம் லூயி அதைக் கூட்டினார். தொடக்க நாளில் மன்னரின் வலப்புறம் மதகுருமார்களும், இடப்புறம் பிரபுக்களும், எதிரே மன்றத்தின் கடைசியில் மூன்றாம் வகுப்பாரான பொதுமக்களின் பிரதிநிதிகளும் அமர்த்தப்பட்டனர். வலப்பக்கம் மரியாதைக்குரிய பக்கம் என்பது ஐரோப்பியக் கிறித்தவ மரபில் ஊறிய எண்ணம். (சோழர் காலம் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை தமிழகத்தில் நிலவிய வலங்கை, இடங்கைச் சாதிப் பிரிவுகளுக்கும் இந்த அரசியல் பெயர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.) ஆகவே அந்த நாளில் வலமும் இடமும் பதவியையும் பிறப்பையும் குறித்தனவே தவிர, கருத்தைக் குறிக்கவில்லை. ஜூன் 17ஆம் நாள் மூன்றாம் வகுப்பார் தங்களைத் தேசிய மன்றமாக அறிவித்துக்கொண்டு, பின்னர் மற்ற இரு வகுப்பாரும் அதில் வந்து கலந்துவிட்டபோது, பிறப்பின்படி உட்காரும் பழைய ஒழுங்கு கலைந்தது. உறுப்பினர்கள் தங்களுக்கு ஒத்த கருத்துடையவர்களின் அருகே உட்காரத் தொடங்கினார்கள்.

அந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதை உள்ளே இருந்த ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். பிரபுக்கள் வகுப்பின் உறுப்பினரான கோவீல் தம்முடைய நாட்குறிப்பில் 1789 ஆகஸ்டு 29ஆம் நாளை ஒட்டி இதைப் பதிவு செய்கிறார். மதத்துக்கும் மன்னருக்கும் விசுவாசமானவர்கள், எதிர்ப்பக்கத்திலிருந்து எழுந்த கூச்சலையும் வசைகளையும் தவிர்ப்பதற்காக, தலைவரின் இருக்கைக்கு வலப்புறமாக ஒதுங்கினார்கள் என்கிறார் அவர். தாம் எந்தத் தரப்பிலும் கட்டுப்படாமல் தம் கருத்துக்குத் தாமே எஜமானராக இருக்க விரும்பி, மன்றத்தின் பல இடங்களில் மாறிமாறி உட்கார்ந்து பார்த்ததாகவும், ஆனால் இடப்பக்கத்தில் இருந்தால் எப்போதும் தனியாளாகவே வாக்களித்து, பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்களின் ஏளனத்துக்கு ஆளாக வேண்டியிருந்ததால் அந்தப் பக்கத்தைக் கைவிட நேர்ந்ததாகவும் எழுதுகிறார். இந்தச் சில வரிகளை நான் மிக முக்கியமானவையாகக் கருதுகிறேன். தனித்து நிற்க விரும்பிய ஒருவரைச் சூழலின் நெருக்கடி ஒரு பக்கத்துக்குத் தள்ளியதும், தள்ளப்பட்டவர் அந்தப் பக்கத்தின் பெயராலேயே அறியப்பட்டதும் இந்தப் பெயர்களின் முதல் சில வாரங்களிலேயே நடந்துவிட்டன.

அப்போது மன்றத்தின் முன் இருந்த கேள்வி மிகவும் துல்லியமானது. மக்கள் பிரதிநிதிகள் இயற்றும் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் மன்னருக்கு உண்டா, இல்லையா? முழுமையான தடுப்பதிகாரம் வேண்டும் என்று மூனியே போன்றவர்கள் வாதாடினார்கள். எந்த வடிவிலும் கூடாது என்றார் சியேஸ். சில காலம் நிறுத்திவைக்கும் அதிகாரம் மட்டும் தரலாம் என்பது இடைப்பட்ட யோசனை. செப்டம்பர் 11ஆம் நாள் வாக்கெடுப்பில் அந்த இடைப்பட்ட யோசனையே வென்றது. இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மக்கள் தரப்பின் மிகப் பெரிய பேச்சாளராகப் போற்றப்பட்ட மிராபோ, இந்தக் கேள்வியில் மன்னருக்கு முழுமையான தடுப்பதிகாரம் வேண்டும் என்றே பேசினார். பிறந்த மாதத்திலேயே அந்தப் பெயர்கள் ஒரு மனிதரை முழுமையாக அடையாளம் காட்டத் தவறிவிட்டன.

அடுத்த நான்கு ஆண்டுகள் இதைவிடக் கூர்மையான பாடத்தைத் தருகின்றன. அரசியலமைப்புக்கு உட்பட்ட முடியாட்சி வேண்டும் என்பது 1789இல் இடப்பக்கத்தின் குரல். 1791 அக்டோபரில் 745 உறுப்பினர்களுடன் புதிய சட்டமன்றம் கூடியபோது, முந்தைய மன்றத்தில் இருந்த எவரும் அதில் போட்டியிடக் கூடாது என்ற விதி இருந்ததால், உறுப்பினர்கள் அனைவரும் புதியவர்கள். பழைய வலப்பக்கம் அடியோடு காணாமல் போயிருந்தது. காலியான அந்த வலப்பக்க இருக்கைகளில், அதே அரசியலமைப்பு முடியாட்சியைக் காக்க விரும்பிய ஃபுய்யான் தரப்பினர் அமர்ந்தார்கள். அவர்களின் கருத்து இடம் மாறவில்லை, மன்றம்தான் நகர்ந்திருந்தது. அந்தச் சட்டமன்றத்தில் இடப்பக்கம் முழங்கியவர்கள் பிரிசோவும் வெர்ஞியோவும் உள்ளிட்ட ஜிரோந்தினர். மறு ஆண்டு செப்டம்பரில் தேசியப் பேரவை கூடியதும், அதே ஜிரோந்தினர் வலப்பக்கம் ஆனார்கள். உயரமான இருக்கைகளில் அமர்ந்த மலைக் கட்சியினர் அவர்களுக்கு இடப்புறம் வந்துவிட்டார்கள். கேள்வியும் மாறியிருந்தது. மன்னரை என்ன செய்வது, பாரிஸ் நகரத்துத் தெருக்கூட்டத்தின் அழுத்தத்துக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பவை அப்போதைய கேள்விகள். 1793 ஜூன் 2ஆம் நாள் ஜிரோந்தினரின் தலைவர்கள் பேரவையிலிருந்து நீக்கப்பட்டுக் கைது செய்யப்பட்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆண்டு இறுதிக்குள் தலை துண்டிக்கப்பட்டு மாண்டார்கள். பக்கங்களின் பெயரால் உயிர்கள் போன அனுபவத்துக்குப் பிறகுதான், 1795இன் அரசியலமைப்பின்படி அமைந்த ஐந்நூற்றுவர் மன்றத்தில், உறுப்பினர்களின் இருக்கைகள் மாதந்தோறும் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன. எவரும் எந்தப் பக்கத்துக்கும் உரியவராகிவிடக் கூடாது என்பது அதன் நோக்கம்.

நெப்போலியன் வீழ்ந்து முடியாட்சி மீண்ட பிறகு, 1815 முதல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் இந்தப் பெயர்கள் நிலைபெற்றன. வலது, இடது, நடு என்பவற்றோடு நடு-வலது, நடு-இடது என்ற நுண்பிரிவுகளும் வழக்கத்துக்கு வந்தன. புரட்சியில் பறிக்கப்பட்ட நிலங்களுக்குப் பிரபுக்களுக்கு இழப்பீடு தர வேண்டும், திருச்சபையின் பழைய செல்வாக்கை மீட்க வேண்டும் என்றவர்கள் வலப்பக்கம். புரட்சி தந்த உரிமைகளைக் காக்க வேண்டும் என்றவர்கள் இடப்பக்கம். அந்த இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் நாட்டின் பெரும் வங்கி முதலாளிகளில் ஒருவரான லஃபீத்தும் உண்டு. நேரடி வரியாக 300 ஃபிராங்க் கட்டுகிற, 30 வயது நிறைந்த ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை இருந்த காலம் அது. தொழிலாளர் உரிமையும் சொத்துடைமை எதிர்ப்பும் அன்றைய இடதின் அடையாளங்களே அல்ல. வங்கி முதலாளி இடதுசாரியாக இருந்தது முரணாக இன்று நமக்குத் தோன்றுகிறது என்றால், அன்றைய கேள்வியை நாம் இன்றைய கேள்வியால் அளக்கிறோம் என்று பொருள்.

இருக்கையின் பெயராக இருந்தது வாக்காளர்கள் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் பெயராக மாறியதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், உளவாளி என்று பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்ட யூதப் படை அதிகாரி திரைஃபூஸின் வழக்கு பிரான்சை இரண்டாகப் பிளந்தபோது, இராணுவமும் திருச்சபையும் ஒரு பக்கம், குடியரசும் தனிமனித நீதியும் மறுபக்கம் என்று குடும்பங்களே பிரிந்தன. நாடாளுமன்றத்துக்கு வெளியே இடது, வலது என்ற அடையாளங்கள் ஊன்றிக்கொண்டது ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான்.

பெயர் அப்படியே இருக்க, அதற்கு அடியில் கட்சிகள் நகர்ந்துகொண்டே இருந்தன. பிரான்சில் முதல் உலகப் போருக்குப் பிந்தைய நாடாளுமன்றத்தில் இடது குடியரசினர் என்று பெயர் சூட்டிக்கொண்ட குழு உண்மையில் நடு-வலது அணியைச் சேர்ந்தது. டென்மார்க்கில் 1870இல் உருவான கட்சியின் பெயர் வென்ஸ்த்ரே. இடது என்பதே அதன் பொருள். மன்னரையும் நிலப்பிரபுக்களையும் சார்ந்திருந்த ஹோய்ரே, அதாவது வலது, என்ற கட்சிக்கு எதிராக விவசாயிகளின் குரலாக அது எழுந்தது. சமூக ஜனநாயகக் கட்சி வளர்ந்து தொழிலாளர் கேள்வியை முன்னிறுத்தியதும், சொத்துடைய விவசாயிகளின் கட்சியான வென்ஸ்த்ரே தானாகவே மறுபக்கம் ஆனது. இன்று டென்மார்க்கின் முதன்மையான நடு-வலது கட்சிகளில் ஒன்றாக அது இருக்கிறது. பெயர்ப் பலகையில் மட்டும் இடது என்றே எழுதியிருக்கிறது.

பிரித்தானிய மக்களவையில் இருக்கை முறை வேறு. ஆளும் கட்சி எதுவாயினும் அவைத் தலைவரின் வலப்புறத்திலும், எதிர்க்கட்சி இடப்புறத்திலும் எதிரெதிரே அமரும். நம்முடைய மக்களவை அந்த வழக்கத்தையே பின்பற்றுகிறது. எனவே நமக்கு இடது, வலது என்ற பெயர்கள் நாடாளுமன்ற இருக்கைகளிலிருந்து வந்திருக்க வழியில்லை. ஐரோப்பிய சோசலிச இயக்கங்கள் வழியாகவும், உட்கட்சி விவாதங்களில் இடது விலகல், வலது விலகல் என்று ஓயாமல் பேசிய, கம்யூனிஸ்ட் கட்சிகளின் உலக அமைப்பான கம்யூனிஸ்ட் அகிலத்தின் வழியாகவுமே அவை இங்கு வந்து சேர்ந்தன. அதற்கு முன் நம்மிடம் இருந்த அரசியல் பெயர்கள் வேறு. 1907இல் சூரத் மாநாட்டில் காங்கிரசு உடைந்தபோது மிதவாதிகள், தீவிரவாதிகள் என்றே இரு தரப்பும் அழைக்கப்பட்டன, வ.உ.சிதம்பரனாரும் பாரதியும் திலகரின் தீவிரவாதத் தரப்பில் நின்றார்கள். அன்று நாட்டுப்பற்றின் உச்சத்தைக் குறித்த தீவிரவாதி என்ற சொல் இன்று என்ன பொருள் தருகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் இடதுசாரி என்பதற்கு ஒரு வரையறை தர முயன்றவர்களில் சுபாஷ் சந்திர போஸ் குறிப்பிடத்தக்கவர். 1939இல் திரிபுரி காங்கிரசு மாநாட்டை ஒட்டி எழுந்த மோதலில் பட்டேல், ராஜேந்திர பிரசாத், ராஜாஜி ஆகியோரைக் காங்கிரசின் வலதுசாரிகளாக அவர் பார்த்தார். அதே ஆண்டு ஃபார்வர்டு பிளாக்கைத் தொடங்கி, இடதுசாரிக் குழுக்களை ஒன்றிணைக்கும் முயற்சியிலும் இறங்கினார். 1941இல் காபூலில் தங்கியிருந்தபோது எழுதிய விளக்கத்தில், அன்றைய கட்டத்தில் இடதுசாரி என்பது சமரசமற்ற ஏகாதிபத்திய எதிர்ப்பைக் குறிக்கும் என்றும், விடுதலைக்குப் பிந்தைய கட்டத்தில் அது சோசலிசத்தைக் குறிக்கும் என்றும் அவர் பிரித்துக் காட்டினார். கேள்வி மாறினால் பெயரின் பொருளும் மாறும் என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட தலைவர்கள் அரிது. அந்தத் தெளிவு இன்றைய விவாதங்களில் இல்லாமல் போனது வருந்தத்தக்கது.

தமிழ்நாட்டு மூத்த வாசகர்களுக்கு வலது கம்யூனிஸ்ட், இடது கம்யூனிஸ்ட் என்ற வழக்கு நினைவிருக்கும். 1964 ஏப்ரலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழுவிலிருந்து 32 பேர் வெளியேறினார்கள், அவர்களில் பி.ராமமூர்த்தியும் என்.சங்கரய்யாவும் இருந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் கல்கத்தா மாநாட்டில் மார்க்சிஸ்ட் கட்சி உருவானது. ஆளும் காங்கிரசோடு எந்த அளவுக்கு ஒத்துழைப்பது, சோவியத், சீனப் பிளவில் யாருடைய வாதம் சரி என்பவையே பிளவின் மையமான கேள்விகள். காங்கிரசின் முற்போக்குப் பிரிவோடு சேர்ந்து போகலாம் என்ற பழைய கட்சியை வலது என்றும், அதை மறுத்த புதிய கட்சியை இடது என்றும் பத்திரிகைகள் எழுதின. சுவரெழுத்திலிருந்து தேநீர்க் கடை வரை அந்தப் பெயர்கள் பரவின. மூன்றே ஆண்டுகளில் மேற்கு வங்கத்தில் நக்சல்பாரி விவசாயிகள் எழுச்சி வந்தபோது, அதை ஆதரித்தவர்கள் மார்க்சிஸ்ட் கட்சியையே திருத்தல்வாதிகள், அதாவது மார்க்சியத்தை நீர்த்துப்போகச் செய்பவர்கள், என்று சாடினார்கள். பாரிசில் ஜிரோந்தினருக்கு நேர்ந்த அதே நகர்வு.

1967ஆம் ஆண்டுத் தேர்தல் இந்தப் பெயர்களின் எல்லையைக் காட்டிய பெரிய நிகழ்வு. 1959இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி, கூட்டுறவுப் பண்ணை முறையையும், அவரே பெர்மிட், லைசென்சு, கோட்டா ராஜ்ஜியம் என்று கண்டித்த அரசுக் கட்டுப்பாடுகளையும் எதிர்த்த, பொருளாதாரத்தில் ஐயத்துக்கு இடமில்லாத வலதுசாரிக் கட்சி. அண்ணா அமைத்த கூட்டணியில் அந்தக் கட்சியும் இடது கம்யூனிஸ்டுகளும் ஒரே அணியில் நின்றார்கள்; முஸ்லிம் லீக்கும் சோசலிஸ்டுகளும் உடன் இருந்தார்கள். 234 இடங்களில் தி.மு.க. 137, சுதந்திராக் கட்சி 20, இடது கம்யூனிஸ்டுகள் 11 என்று வென்றார்கள். வலது கம்யூனிஸ்டுகளோ கூட்டணிக்கு வெளியே நின்று இரண்டு இடங்களோடு நின்றார்கள். இதைக் கொள்கையற்ற சந்தர்ப்பவாதம் என்று கடந்துபோவது எளிது. எனக்கு அது நியாயமான தீர்ப்பாகப் படவில்லை. இருபது ஆண்டு காங்கிரசு ஆட்சி தொடர வேண்டுமா, இந்தி ஒரே ஆட்சிமொழியாக வேண்டுமா, அரிசிப் பஞ்சத்துக்கு யார் பொறுப்பு என்பவைதான் அன்று வாக்காளர் முன் இருந்த கேள்விகள். சொத்துடைமை பற்றிய கேள்வி அந்தத் தேர்தலில் முதன்மை பெறவில்லை. கேட்கப்பட்ட கேள்விகளில் அந்தக் கட்சிகள் ஒரே பக்கத்தில்தான் இருந்தன.

பிரான்சில் மன்னர், திருச்சபை, நிலவுடைமை என்ற மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால், ஒரே கோட்டில் அரசியலை அளக்க முடிந்தது. நம் மண்ணில் அதிகாரத்தைத் தாங்கி நிற்பது சாதி. அதை அந்தக் கோட்டின் எந்தப் புள்ளியில் வைப்பது? 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் கொளுத்தப்பட்ட குடிசைக்குள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 தலித் மக்கள் கருகி மாண்டார்கள். அவர்களின் போராட்டம் கூடுதலாகக் கொஞ்சம் நெல்கூலி கேட்டு, கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கத்தின் கீழ் நடந்தது. அது கூலிக்கான வர்க்கப் போராட்டமா, சாதி ஒடுக்குமுறையா என்ற விவாதம் அரை நூற்றாண்டு கடந்தும் ஓயவில்லை. இறந்தவர்களைப் பொறுத்தவரை அவை இரண்டும் ஒரே வாழ்க்கையின் பகுதிகள். கூலியை மட்டும் காணும் இடதுசாரிப் பார்வை அந்த இரவின் பாதியைத்தான் காணும்.

திராவிடக் கட்சிகளை இந்தக் கோட்டில் பொருத்த முயன்ற எவரும் திருப்தி அடைந்ததில்லை. பேருந்துகளை அரசுடைமையாக்கியதும், நியாயவிலைக் கடைகளையும் சத்துணவையும் விரித்ததும், இடஒதுக்கீட்டை 69 விழுக்காட்டுக்கு உயர்த்தியதும் தமிழ்நாட்டு ஆட்சிகள்தாம். 1990களில் ஃபோர்டையும் ஹூண்டாயையும் போட்டி போட்டு வரவேற்றதும் அதே ஆட்சிகள்தாம். வலதுசாரி என்ற பெயரும் இந்தியாவில் இரண்டு வேர்களிலிருந்து கிளைத்தது. சந்தைச் சுதந்திரத்தை முன்வைத்த சுதந்திராக் கட்சி ஒரு வேர். 1951இல் தோன்றிய ஜனசங்கத்தின் பண்பாட்டுத் தேசியம் மற்றொன்று. முதலாவதில் நின்றவர்களில் பலர் இரண்டாவதை ஏற்கவில்லை. இன்று ஒரே பெயர் இரண்டையும் மூடுவதால், தனியார்மயத்தை ஆதரிக்கும் ஒருவர் மதப் பெரும்பான்மைவாதியாகவும், கோயில் மரபில் பற்றுள்ள ஒருவர் பெருமுதலாளிகளின் ஆதரவாளராகவும் விசாரணையே இல்லாமல் தீர்மானிக்கப்படுகிறார்கள்.

இதனாலெல்லாம் இந்தப் பெயர்களைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்று நான் கருதவில்லை. மனிதருக்கு இடையிலான ஏற்றத்தாழ்வுகளில் பெரும்பாலானவை சமூகம் உண்டாக்கியவை, ஆகவே குறைக்கத்தக்கவை என்று நம்புவோர் இடதுசாரிகள். அவற்றில் பெரும்பாலானவை இயல்பானவை என்றோ, அவற்றைக் கலைப்பது கூடுதல் தீங்கு விளைக்கும் என்றோ நம்புவோர் வலதுசாரிகள் என்று இத்தாலியச் சிந்தனையாளர் நொர்பெர்த்தோ பொப்பியோ 1994இல் முன்வைத்த விளக்கம் இன்றும் பயனுள்ளது. ஆனால் அந்த விளக்கத்தின்படியும், எந்த ஏற்றத்தாழ்வு என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். செல்வத்திலா, சாதியிலா, பாலினத்திலா, இனத்திலா? ஒன்றில் சமத்துவம் கோருபவர் மற்றொன்றில் அதை மறுக்கக் கூடும்.

இலங்கைத் தமிழர்கள் இதைப் பட்டறிந்தவர்கள். 1935இல் தோன்றிய இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சி, 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டபோது எதிர்த்து நின்றது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரே நாடு என்று எச்சரித்தவர் அந்தக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. 1964இல் அந்தக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சியில் பங்கேற்றது. 1972இல் சிங்களத்தை ஆட்சிமொழியாக உறுதிசெய்து பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்த குடியரசு அரசியலமைப்பை உருவாக்கும் பொறுப்பில் இருந்த அமைச்சர் அதே கொல்வின் ஆர். டி சில்வா. அதே ஆண்டில்தான் தனியார் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்த நிலச் சீர்திருத்தமும் வந்தது. நிலத்தின் கேள்வியில் அந்த ஆட்சி இடதுசாரி ஆட்சி என்பதை மறுக்க முடியாது. இனங்களின் சமத்துவம் என்ற கேள்வியில் அந்தப் பெயர் தமிழருக்கு எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை.

2024 நவம்பர் தேர்தலில் 225 இடங்களில் 159ஐ வென்ற தேசிய மக்கள் சக்தி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றையும் பெற்றது. அதன் முதுகெலும்பான ஜனதா விமுக்தி பெரமுன, 1987ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை ஆயுதம் ஏந்தி எதிர்த்த கட்சி. ஒன்றாக இணைக்கப்பட்டிருந்த வடக்கு, கிழக்கு மாகாணங்கள் பிரிக்கப்படுவதற்கு வழிசெய்த 2006ஆம் ஆண்டு இலங்கை உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அந்தக் கட்சியினர் தொடுத்த வழக்கில் வந்ததே. யாழ்ப்பாணத்து வாக்காளர்கள் இதை அறியாமல் வாக்களித்தார்கள் என்று சொல்வது அவர்களை அவமதிப்பதாகும். ஊழலும் வாழ்க்கைச் செலவும் பழைய தலைமைகள் மீதான சலிப்புமே அந்தத் தேர்தலின் கேள்விகளாக இருந்தன. அதிகாரப் பகிர்வு என்ற கேள்வியில் இந்த இடதுசாரி அரசு எங்கே நிற்கிறது என்பது, அது வாக்குறுதி அளித்திருக்கும் புதிய அரசியலமைப்பின் வரைவு வெளிவரும்போதுதான் தெரியும்.